திறமைக்கு இடம், தலைமைக்குத் தடை: பல்வங்கர் சகோதரர்களும் இந்தியக் கிரிக்கெட்டும்

(மும்பைத் தமிழ்த் தோழர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தியக் கிரிக்கெட்டின் வரலாறு பெரும்பாலும் அரண்மனைகளின் பக்கத்திலிருந்தே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. நவாநகர் மன்னர் ரஞ்சித்சிங்ஜி, பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங், விஸ்ஸி என்று அழைக்கப்பட்ட விஜயநகரத்து இளவரசர் ஆகியோரின் கொடையால்தான் இந்த ஆட்டம் இங்கே வேரூன்றியது என்பது கேள்வி கேட்காமல் ஏற்கப்பட்ட செய்தியாகிவிட்டது. ரஞ்சித்சிங்ஜி 1896 முதல் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆட்டங்கள் ஆடினார். இந்திய அணிக்காக ஒருமுறையும் ஆடவில்லை. எனினும் நாட்டின் முதன்மையான உள்நாட்டுப் போட்டி 1934 முதல் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கோப்பையை அளித்தவரோ பாட்டியாலா மன்னர். ஒரு மன்னரின் பெயரில் இன்னொரு மன்னர் தந்த கோப்பை!

ஆடுகளத்தைக் கூட்டிப் பெருக்கியவர், உருளை இழுத்தவர், வலை கட்டியவர், வெள்ளை அதிகாரியின் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசியவர் ஆகியோரின் பக்கத்திலிருந்து இதே வரலாற்றைப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அந்தச் சித்திரத்தின் நடுவில் நிற்பவர் பல்வங்கர் பாலு. தோல் தொழிலோடு பிணைக்கப்பட்டு, தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் 1870களின் நடுவில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளர் என்று அவரைக் குறிப்பிடுவதில் மிகையில்லை. அவரையும் அவருடைய தம்பிகள் சிவராம், கண்பத், விட்டல் ஆகியோரையும் விலக்கிவிட்டு இந்தியக் கிரிக்கெட்டின் முதல் அரை நூற்றாண்டை எழுத இயலாது.

அதற்கு முன், அவர்கள் வந்து நுழைந்த மைதானம் எத்தகையது என்பதைப் பார்க்க வேண்டும்.

1721இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் மாலுமிகள் காம்பே கடற்கரையில் கிரிக்கெட் ஆடியதாக ஒரு பதிவு இருக்கிறது. இந்திய மண்ணில் இந்த ஆட்டம் ஆடப்பட்டதற்கான முதல் சான்றாக அது கொள்ளப்படுகிறது. 1792இல் கல்கத்தாவில் வெள்ளையரின் கிரிக்கெட் கழகம் தோன்றியது. இந்தியர்களில் முதலில் மட்டையைக் கையில் எடுத்தவர்கள் பம்பாய்ப் பார்சிகள். வணிகத்திலும் கப்பல் கட்டுவதிலும் ஆங்கிலேயரோடு நெருங்கியிருந்த அச்சமூகத்தினர் 1848இல் ஓரியண்டல் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினர். 1886இலும் 1888இலும் அவர்களுடைய அணிகள் இங்கிலாந்து சென்று ஆடித் திரும்பின.

ஆட்சியாளரின் ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட அதே பார்சிகள் ஆட்சியாளரோடு மோதவும் நேர்ந்தது. பம்பாய் ஜிம்கானாவின் வெள்ளை உறுப்பினர்கள் தங்கள் சொந்தக் கிரிக்கெட் திடலை வேலியிட்டுப் பாதுகாத்துக்கொண்டு, இந்தியர் ஆடும் பொது மைதானத்தில் குதிரைகளை ஓட்டிப் போலோ ஆடினர். குளம்படி பட்ட தரையில் பந்து எப்படி எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1880களின் தொடக்கத்தில் ஷாப்பூர்ஜி சொராப்ஜி என்ற பார்சி ஆட்டக்காரர் முன்னின்று, பார்சிகளோடு இந்துக்களையும் முஸ்லிம்களையும் சேர்த்துக் கையெழுத்துப் பெற்று அரசிடம் மனுக் கொடுத்தார். ஒரு பொது நிலத்துக்காக மூன்று சமூகத்தாரும் ஒன்றாகக் கையெழுத்திட்டனர் என்பது சிறிய செய்தியன்று.

அந்த ஒற்றுமைக்குக் காலனி அரசு கண்ட தீர்வு, நிலத்தை மதவாரியாகப் பங்கிடுவது. கடலை ஒட்டிய பகுதியில் பார்சிகளுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று, இந்துக்களுக்கு ஒன்று எனத் தனித்தனி ஜிம்கானாக்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 1880களின் பிற்பகுதியில் தொடங்கி 1894க்குள் மூன்றும் நிலைபெற்றுவிட்டன. மெரைன் டிரைவ் ஓரமாக நடக்கும் எவரும் அம்மூன்றையும் இன்றும் வரிசையாகக் காணலாம். போட்டிகளும் அவ்வழியே அமைந்தன. ஐரோப்பியரும் பார்சிகளும் மோதிய ஆட்டத்தில் 1907இல் இந்துக்கள் சேர்ந்து அது முத்தரப்புப் போட்டியானது. 1912இல் முஸ்லிம்கள் சேர்ந்து நாற்தரப்பாயிற்று. 1937இல் கிறிஸ்தவர், யூதர் முதலானோரைக் கொண்ட ‘மற்றவர்கள்’ அணி சேர்ந்து ஐந்தரப்பாயிற்று. தனி வாக்காளர் தொகுதி சட்டமாவதற்கு முன்பே கிரிக்கெட்டில் தனித் தொகுதி வந்துவிட்டது.

இப்போது புணேக்குத் திரும்பலாம். பாலுவின் தந்தை அங்கே இராணுவத்தில் வேலை பார்த்தார். அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையையும் பந்தையும் கொண்டு பிள்ளைகள் ஆடப் பழகினர். பாலுவின் முதல் வேலை ஒரு பார்சிக் கிளப்பில்: களத்தைக் கூட்டுவது, உருளை இழுப்பது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892இல் வெள்ளையரின் பூனா கிளப்புக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாயாக உயர்ந்தது. ஆடுகளம் தயாரிப்பது, கோடு போடுவது, வலை கட்டுவது எனத் தரைப்பணி முழுவதும் அவர் பொறுப்பு. ஓய்ந்த வேளையில் உறுப்பினர்களுக்குப் பந்து வீசவும் பணிக்கப்பட்டார்.

அந்தக் கிளப்பின் சிறந்த மட்டையாளர் கேப்டன் ஜே. ஜி. கிரெய்க். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பாலுவின் இடக்கைச் சுழற்பந்தை எதிர்கொண்டு அவர் பயிற்சி செய்வார். தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. ஆயிரக்கணக்கான பந்துகளை வீசிய பாலுவின் கையில் அங்கே ஒரு நாளும் மட்டை தரப்படவில்லை. காலனி நாட்டின் கிரிக்கெட்டில் மட்டை வீசுவது கனவானின் ஓய்வு. பந்து வீசுவது கூலியாளின் வேலை. ஓடி வந்து கை வலிக்க வீசுவதும், அடிக்கப்பட்ட பந்தைத் தேடி எடுத்து வருவதும் உடலுழைப்பு என்பதால் அவை கீழ்ச்சாதியினர்க்கு உரியவை ஆயின.

புணே இந்துக்களின் அணிக்கு வெள்ளையரை வெல்லும் ஆசை இருந்தது. வெல்லத்தக்க பந்துவீச்சாளர் அவர்களிடம் இல்லை. பாலுவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று விவாதம் நடந்து, முடிவில் சேர்த்துக்கொண்டனர். களத்தில் எல்லாரும் ஒரே பந்தைத் தொட்டனர். தேநீர் இடைவேளையில் பாலுவுக்கு மட்டும் அரங்குக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண்குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. உணவு தனித் தட்டில், தனி இடத்தில். முகம் கழுவத் தண்ணீர் தருவதற்கும் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களிலிருந்தே ஒருவரை அமர்த்தினர். இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. தோல் தொழிலைக் காரணம் காட்டித் தீட்டு என்று ஒதுக்கியவர்கள், தோலால் செய்த பந்தை நாள் முழுதும் கையில் உருட்டிக்கொண்டிருந்தனர். பந்தில் ஒட்டாத தீட்டு குவளையில் மட்டும் எப்படி ஒட்டியது என்ற கேள்விக்கு மனுவின் எந்த உரையாசிரியரும் விடை எழுதியதில்லை. சேர்ந்து ஆட முடியுமானால் சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்று மகாதேவ் கோவிந்த் ரானடே பொதுமேடையில் கூறியது அந்தச் சூழலில்தான்.

1896இல் பிளேக் நோய் பரவியதைத் தொடர்ந்து பாலு பம்பாய்க்கு வந்தார். பம்பாய்–பரோடா மற்றும் மத்திய இந்திய இரயில்வேயில் வேலை கிடைத்தது. இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்ப்பதற்குச் சில உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர், ஆயினும் சேர்க்கப்பட்டார். ஆலைகளும் இரயில்வேயும் துறைமுகமும் கொண்ட நகரம் சாதியை ஒழித்துவிடவில்லை. ஆனால் ஒரு தலித் ஆட்டக்காரர் கிராமத்துச் சேவகத்துக்கு வெளியே மாதச் சம்பளம் பெற்று நிமிர்ந்து நிற்பதற்கு அந்த நகரம் இடம் கொடுத்தது.

1906 பிப்ரவரியில், வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசிக் கிளர்ச்சி நாடெங்கும் பேசப்பட்ட வேளையில், இந்துக்கள் அணி பம்பாயில் ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களில் வென்றது. முதல் இன்னிங்ஸில் இந்துக்கள் 242, ஐரோப்பியர் 191. இரண்டாவது இன்னிங்ஸில் இந்துக்கள் 160 எடுக்க, ஐரோப்பியர் 102இல் சுருண்டனர். பாலு எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். தம்பி சிவராமும் அந்த அணியில் ஆடினார். இவ்வெற்றியின் சமூகப் பொருளை உடனே உணர்ந்து எழுதிய ஏடு ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’. அதன் ஆசிரியர் காமாட்சி நடராஜன் ஒரு தமிழர். 1890இல் சென்னையில் தோன்றிப் பின்னர் பம்பாய்க்குப் பெயர்ந்த பத்திரிகை அது. சமார் சகோதரர்களை அணியில் சேர்த்து அவர்களோடு உடனிருந்து உண்டதால்தான் இவ்வெற்றி கிட்டியது என்று அது சுட்டிக்காட்டியது. சாதியைக் கைவிட்ட அளவுக்குத்தான் அந்நியனை வெல்ல முடிந்தது என்ற அந்தப் பாடத்தைத் தேசிய இயக்கத்தின் பெரிய தலைவர்கள் பலர் அதன்பின் நெடுங்காலம் கற்கவில்லை.

1911இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. தலைவர் பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங், வயது 19. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய ஆண்டு அது. மன்னர் விருந்துகளிலும் வரவேற்புகளிலும் மூழ்கிப் பல ஆட்டங்களுக்கு வரவே இல்லை. அணி தோற்றது, பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. அந்தத் தோல்விகளுக்கு நடுவே முப்பத்தைந்து வயதை எட்டிய பாலு, தோள் வலியோடு வீசி, அச்சுற்றுப்பயணத்தில் மொத்தம் 114 விக்கெட்டுகளை எடுத்தார். அணியைச் சுமந்தவர் அவர். அணியின் தலைவர் என்று அச்சிடப்பட்ட பெயர் வேறு. ஊர் திரும்பியபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தனர். அப்போது கல்லூரி மாணவராயிருந்த அம்பேத்கருக்கு பாலு ஒரு நாயகர்.

நாற்தரப்புப் போட்டியில் இந்துக்கள் அணிக்குத் தலைவர் யார் என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுந்தது. அனுபவத்திலும் ஆட்டத்திலும் பாலுவுக்கு நிகர் எவருமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆண்டுதோறும் ஒரு மேல்சாதியாரே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1913இல் தலைமையேற்ற எம். டி. பை ஒரு பிராமணர். மூத்த ஆட்டக்காரரான பாலுவுக்கே இப்பெருமை சேர்ந்திருக்க வேண்டும் என்று அவரே ஒரு வரவேற்பு விழாவில் வெளிப்படையாகக் கூறினார். தேர்வுக் குழுவின் காதில் அது விழவில்லை.

1920இல் நிலைமை முற்றியது. பை தொடக்கத்தில் ஆட இயலாத நிலையில் டி. பி. தேவ்தர் தலைவராக்கப்பட்டார், பாலு அணியிலிருந்தே விலக்கப்பட்டார். பாலுவுக்கு வயதாகிவிட்டது என்றால் விட்டல் இருந்தார். அணியின் சிறந்த மட்டையாளரும் தேவ்தருக்கு மூத்த ஆட்டக்காரருமான அவரும் ஒதுக்கப்பட்டார். விட்டலும் சிவராமும் அணியிலிருந்து வெளியேறினர். பிறப்பால் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்பதாலேயே தங்களுக்கு நீதி மறுக்கப்படுகிறது, சுயமரியாதையை இழந்து ஆட இயலாது என்று பொது அறிக்கை வெளியிட்டனர். பரிசுப் பணமோ ஊதியமோ அவர்கள் கோரவில்லை. நகரத்தின் பத்திரிகைகளில் வாதம் கிளம்பியது. இறுதி ஆட்டத்துக்குப் பை திரும்பி வந்தார், சகோதரர்களும் அழைக்கப்பட்டனர், பாலு துணைத் தலைவராக்கப்பட்டார். ஆட்டத்தின் நடுவே பை சில நேரம் களத்தைவிட்டு வெளியே சென்றார். அந்த நேரத்துக்குப் பாலு இந்துக்கள் அணியை நடத்தினார். கால் நூற்றாண்டு உழைப்புக்குக் கிடைத்த தலைமை அவ்வளவே.

விட்டல் 1923இல் தலைவரானார். அவருடைய தலைமையில் இந்துக்கள் அணி ஐரோப்பியரை வென்று கோப்பையைப் பெற்றது. ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிச் சென்றனர். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் தீண்டாமைக்கு எதிரான குரல் காங்கிரசுக்குள்ளும் வெளியேயும் வலுத்திருந்தது உண்மை. ஆயினும் 1920இல் சகோதரர்கள் இருவரும் மட்டையைக் கீழே வைத்திருக்காவிட்டால் தேர்வுக் குழு தானாக மனம் மாறியிருக்கும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அவர்கள் செய்தது வேலைநிறுத்தம். பம்பாயின் ஆலைத் தொழிலாளர்கள் அதே ஆண்டுகளில் செய்துகொண்டிருந்ததையே அவர்கள் திடலில் செய்தார்கள்.

பாலுவின் பிற்கால அரசியலைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. 1932இல் தனித்தொகுதிக் கேள்வி எழுந்தபோது அவர் அம்பேத்கரின் பக்கம் நிற்கவில்லை. சென்னை மாகாணத்தின் எம். சி. ராஜாவைப் போலக் கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். புணே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோரில் ஒருவரானார். அடுத்த ஆண்டு இந்து மகாசபையின் சார்பில் நகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். 1937 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் அப்போது சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியிருந்தார். அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. பம்பாயின் உழைக்கும் மக்கள் தங்கள் கிரிக்கெட் நாயகரை மறந்துவிடவில்லை என்பதை இரண்டாவது எண் காட்டுகிறது. அவர்களுக்குத் தேவைப்பட்டது எது என்பதை முதல் எண் காட்டுகிறது. மறு ஆண்டு நவம்பர் 7 அன்று தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் அம்பேத்கரின் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் கைகோத்து நின்றனர்.

பாலுவைத் துரோகி என்று முத்திரை குத்துவது எளிது, அது வரலாறாகாது. திடலில் படிப்படியாக இடம்பெற்ற ஒருவர், இந்து சமூகத்துக்குள்ளேயே தம் மக்களும் அப்படி இடம்பெறுவர் என்று நம்பியிருக்கலாம். தலைமையை அவருக்குத் தர மறுத்த அதே சமூகம், தலித் மக்களின் சுதந்திரமான தலைமையை எதிர்க்க வேண்டிய நாளில் அவர் பெயரை முன்னிறுத்தியது. இந்த உத்தியை இன்றைய ஆளும் கட்சியும் நன்கு அறியும்.

மதவாரி கிரிக்கெட்டின் முடிவைச் சுருக்கமாகப் பார்க்கலாம். சட்டமறுப்பு இயக்கத்தால் 1930 முதல் 1933 வரை போட்டி நடைபெறவில்லை. 1934இல் மீண்டும் தொடங்கியது. 1937இல் பிராபோர்ன் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டபோது, இருக்கைப் பங்கீட்டில் தகராறு எழுந்து இந்து ஜிம்கானா விலகிக்கொண்டது. தர்மத்துக்கான சண்டையன்று, டிக்கெட்டுக்கான சண்டை. 1940 டிசம்பரில் காந்தி, மத அடிப்படையிலான அணிகளைத் தம்மால் ஏற்க முடியவில்லை என்றும் போட்டியை நிறுத்தக் கோருவோரிடமே தம் அனுதாபம் என்றும் அறிவித்தார். ‘பம்பாய் கிரானிக்கிள்’ ஏடு எதிர்ப்பிரச்சாரம் செய்தது; மாணவர்களும் களமிறங்கினர். ஆயினும் போட்டி தொடர்ந்தது. கூட்டம் வந்தது, வசூலும் வந்தது.

ஆட்டக்காரர்களும் மக்களும் ஜிம்கானா நிர்வாகிகளைவிட மேலானவர்களாக இருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். 1943இல் ‘மற்றவர்கள்’ அணிக்காக விஜய் ஹசாரே என்ற மராட்டியக் கிறிஸ்தவர், அணியின் 387 ஓட்டங்களில் 309ஐத் தனியாக எடுத்தார். 1944 இறுதி ஆட்டத்தில் முஸ்லிம்கள் அணி இந்துக்களை ஒரே விக்கெட் வித்தியாசத்தில் வென்றது, கே. சி. இப்ராஹிம் கடைசிவரை ஆட்டமிழக்காமல் 137 எடுத்தார். ஆட்டத்தில் பகை இல்லை. ஆட்டத்தை அமைத்த முறையில் இருந்தது. மத அடையாளமே அரசியல் அடையாளம் என்று ஆண்டுதோறும் பல்லாயிரம் பேருக்குக் கற்பித்த அந்தப் போட்டி 1946க்குப் பின் நடக்கவில்லை. அதற்குள் நாட்டின் பிரிவினை வாசலில் வந்து நின்றது.

மன்னர்களின் காலமும் உடனே முடிந்துவிடவில்லை. 1932இல் லார்ட்ஸில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது, சுற்றுப்பயணத் தலைவரான போர்பந்தர் மன்னர் தம் ஆட்டத்தின் தரமறிந்து ஒதுங்கிக்கொண்டு சி. கே. நாயுடுவிடம் தலைமையை விட்டார். அந்த அளவு தன்னறிவு 1936இல் தலைமையேற்ற விஸ்ஸியிடம் இல்லை. அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான லாலா அமர்நாத்தை, ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி, முதல் டெஸ்டுக்கு முன்பே கப்பலேற்றித் திருப்பி அனுப்பினர். அதே பயணத்தில் விஸ்ஸிக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது.

விடுதலைக்குப் பிறகு மன்னர்களின் இடத்தைத் தொழிலதிபர்களும், அவர்களையடுத்து அரசியல்வாதிகளும் பிடித்தனர். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. இந்தப் பணப்பெருக்கைப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இரயில்வேயும் பொதுத்துறை வங்கிகளும் தந்த நிரந்தர வேலைதான் பல பத்தாண்டுகள் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கிரிக்கெட்டில் நிறுத்தி வைத்தது. அஜித் வடேகர் ஸ்டேட் வங்கி ஊழியர். மகேந்திர சிங் தோனி கரக்பூரில் இரயில்வே டிக்கெட் பரிசோதகர். பாலுவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் கிடைத்த இரயில்வே வேலையின் தொடர்ச்சி அது. வேலைகள் ஒப்பந்தமயமாகிற இந்நாளில் அந்த வழி அடைபட்டு வருகிறது. தலித் ஆட்டக்காரர்கள் இந்திய அணியில் ஏன் இத்தனை அரிது என்று கேட்டால், திறமையை மட்டுமே பார்க்கிறோம் என்று பதில் வருகிறது. 1913இன் தேர்வுக் குழுவும் திறமையைப் பார்க்கத்தான் செய்தது. பார்த்துவிட்டுத்தான் பாலுவை ஒதுக்கியது.

பாலு 1955 ஜூலையில் காலமானார். 33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள் அவர் கணக்கில் உள்ளன. அவர் ஆடிய அதே இந்து ஜிம்கானாவின் தரைப் பராமரிப்பாளர் ஒருவருக்கு 1948இல் ஒரு மகன் பிறந்தான். திடலின் ஓரத்தில் ஓர் அறைக் குடிசையில் வளர்ந்த அந்தப் பையன் ஏக்நாத் சோல்கர். 1971 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில், தலைக்கவசம் இல்லாத அந்தக் காலத்தில், மட்டையாளரின் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். சென்னையின் வெங்கட்ராகவன் வீசிய பந்து ஆலன் நாட்டின் மட்டையில் பட்டுத் தரையை நோக்கி இறங்கியபோது, முன்னால் பாய்ந்து விழுந்து அதைப் பிடித்தார். இங்கிலாந்து 101 ஓட்டங்களில் வீழ்ந்தது. இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதல்முறையாக ஒரு டெஸ்ட் ஆட்டத்தை வென்றது. தொடரும் இந்தியாவின் வசமானது.